அண்ணை சொன்ன புரொசசர்

நான் படம் பிடிக்கிறவன். கலியாணவீடு, பெண்பிள்ளைகளின் சாமத்தியவீடு என்றுதான் தொழிலைத் தொடங்கினேன். இப்போது வருகிற அழைப்புகளில் பாதிக்கு மேல் செத்தவீடுகள். எங்கள் பக்கத்தில் ஒருவர் கண்ணை மூடினால், அழவேண்டிய பிள்ளைகளில் பாதிப்பேர் கனடாவிலும் லண்டனிலும் பாரிசிலும் இருப்பார்கள். எல்லோராலும் ஓடிவர முடியாது. ஒருவனுக்கு லீவு இல்லை, ஒருவனுக்கு விசா இல்லை, இன்னொருவன் வந்தால் திரும்பிப் போகமுடியாது. அவர்கள் இருந்த இடத்திலிருந்தே பார்ப்பதற்காகக் கிரியையை இணையத்தில் நேரடியாக அனுப்பவேண்டும். லைவ் போடுவது என்று சொல்வோம். பந்தல்காரருக்கு அறிவிக்கிற கையோடு எனக்கும் அறிவித்துவிடுவார்கள்.

இந்த வேலைக்குக் கமராவை விடக் கொம்பியூட்டர்தான் முக்கியம். இரண்டு கமராக்களிலிருந்தும் வருகிற படத்தை வாங்கி, எது வேண்டுமோ அதை எடுத்து, சுருக்கி, உடனுக்குடன் வெளியே அனுப்புவது அதுதான். என்னிடம் அப்போது இருந்தது, ஒரு ரியூசன் சென்ரர் இழுத்து மூடப்பட்டபோது மலிவாகக் கிடைத்த பழைய மெஷின். வினாத்தாள் அடிப்பதற்காக யாரோ எப்போதோ வாங்கியது. அதன் மூளையான புரொசசரில் இரண்டு கோர்தான். ஒரு கமராவின் படத்தை அனுப்புவதற்கே அதற்கு மேல்மூச்சு வாங்கும். உள்ளே விசிறி சுழலுகிற சத்தம் ஒப்பாரிக்கு மேலால் கேட்கும்.

அளவெட்டியில் ஒரு செத்தவீடு. கிரியை எல்லாம் முடிந்து, முகம் பார்க்கிறவர்கள் வந்து பாருங்கோ, பெட்டி மூடப்போகுது என்று ஐயர் சொன்ன நேரம் படம் நின்றுவிட்டது. மெஷினை நிறுத்தித் திரும்ப எழுப்புவதற்குள் பெட்டி ஒழுங்கையைத் தாண்டிப் பெரிய தெருவுக்குப் போய்விட்டது. அன்று பின்னேரம் நோர்வேயிலிருந்து இறந்தவவின் மூத்த மகன் போன் எடுத்தார். ஏசப்போகிறார் என்று நினைத்தேன்.

"தம்பி, அம்மான்ரை முகத்தை நான் பாக்கேல்லை. ரெக்கோடிங் ஏதும் இருக்கோ?"

"இல்லை அண்ணை. அதுவும் சேர்ந்து நிண்டுபோச்சு."

"சரி தம்பி" என்று வைத்துவிட்டார். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று தோன்றியது. மெஷினை மாற்றுவது என்று அன்றைக்குத்தான் முடிவெடுத்தேன்.

எனக்கு ஒரு அண்ணை இருக்கிறார். எட்டு வயது மூத்தவர். நான் பள்ளிக்கூடத்தில் படிக்கிற காலத்தில் வெளிநாடு போனவர். அம்மாவின் தாலிக்கொடியும் தோட்டக்காணியில் பெரிய துண்டும் அவரோடு போயின. அது பிழை என்று சொல்லவில்லை. அந்தக் காலத்தில் வீட்டுக்கு ஒரு உயிரையாவது வெளியே அனுப்பிவிட வேண்டும் என்றுதான் எல்லாத் தாய்மாரும் நினைத்தார்கள். அவர் கனடாவில் படித்து, ஒரு பெரிய கொம்பனியில் கொம்பியூட்டர்களைப் பராமரிக்கிற வேலைக்குப் போனார். அண்ணை போன கொஞ்சக் காலத்திலேயே அப்பா இறந்துவிட்டார். அம்மா கொழும்புத்துறையில் என்னோடும் என் மனைவியோடும் இருந்தா.

கொம்பியூட்டர் மாற்றவேண்டும் என்று அண்ணைக்குச் சொன்னேன். உதவி செய்யுங்கோ என்று வாய் திறந்து கேட்கவில்லை. கேட்காமலே விளங்கும் என்று நினைத்தேன். எந்த வீட்டிலும் தம்பிமார் அப்படித்தான் கேட்பார்கள்.

அவருக்கு விளங்கியது, ஆனால் பாதிதான். அன்றிலிருந்து வட்ஸ்அப்பில் குரல் பதிவுகள் வரத் தொடங்கின. வேலைக்குப் போகிற ரெயினில் இருந்தபடி, குளிரில் நடந்தபடி, சாப்பிட்டபடி எல்லாம் பேசி அனுப்பினார். கோர் என்றால் என்ன என்பதை முதலில் எனக்கு விளங்கப்படுத்தினார்.

"நீ போற செத்தவீட்டையே யோசிச்சுப்பார். பந்தல் போட ஒருத்தன், சாவு சொல்லப்போக ஒருத்தன், விறகுக்கு ஒருத்தன், ஐயரைக் கூட்டிவர ஒருத்தன். இரண்டு பேர்தான் நிக்கிறாங்கள் எண்டால் என்ன நடக்கும்? பிணம் கிடந்து நாறும். உன்ரை இரண்டு கோர் அப்பிடித்தான். உனக்கு ஆறு வேணும். ஆறு ஆள், ஒவ்வொரு ஆளுக்கும் இரண்டு கை. பன்னிரண்டு வேலை ஒரே நேரத்திலை ஓடும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் இப்படிப் பகிடி விட்டு நான் கேட்டுப் பல வருசம். தீபாவளிக்கும் பிறந்தநாளுக்கும் போன் எடுத்து, "எப்பிடி, சுகமோ, அம்மா மருந்து போடுறாவோ" என்று நாலு வசனத்தில் முடிக்கிறவர், இப்போது நாளுக்கு மூன்று நான்கு தரம் என்னோடு கதைத்தார். சொன்னதெல்லாம் சரியாகவும் இருந்தது. வேகம் எவ்வளவு என்று பெட்டியில் பெரிதாகப் போட்டிருப்பதைப் பார்த்து ஏமாறாதே என்றார். பழைய தலைமுறையின் நாலு கோரை விடப் புதிய தலைமுறையின் நாலு கோர் கெட்டிக்காரன் என்றார். விளையாட்டு விளையாடுகிறவர்கள் எழுதுவதை நம்பாதே, உனக்கு வேண்டியது படத்தைச் சுருக்குகிற பலம் என்றார். பாவித்ததை வாங்கவே கூடாது, எந்த ஒபிசின் எந்த மூலையில் எத்தனை வருசம் கொதித்துக் கிடந்ததோ என்றார். சுற்றிச் சுற்றிக் கடைசியில் ஒரு இடத்துக்கே வந்து நிற்பார்.

"ஆறு கோருக்குக் குறைஞ்சு எடுக்காதை. இப்ப கொஞ்சம் கூடக் குடுத்தால் அஞ்சாறு வருசத்துக்குத் திரும்பிப் பாக்கத் தேவையில்லை."

அந்தப் பதிவுகளை நான் விறாந்தையில் இருந்து கேட்பேன். அண்ணையின் குரல் வந்தவுடன் அம்மா எங்கே இருந்தாலும் எழும்பி வந்துவிடுவா. குரல் மட்டும்தான், முகம் வராது என்று தெரிந்தும் தலைமயிரை ஒதுக்கிக்கொண்டு, சீலைத்தலைப்பைச் சரிசெய்துகொண்டு பக்கத்தில் வந்து இருப்பா. காது கொஞ்சம் மந்தம்.

"என்னவாம்?"

"கொம்பியூட்டர் பற்றிச் சொல்லுறார் அம்மா."

"என்னைக் கேட்டவனோ?"

முதல் இரண்டு தரம் இல்லை என்று உண்மையைச் சொன்னேன். பிறகு, "ஓம், சாப்பிட்டீங்களோ எண்டு கேக்கிறார்" என்று சொல்லப் பழகிக்கொண்டேன். அம்மா சாப்பிட்டதை விபரமாகச் சொல்லுவா. என்ன மீன், எவ்வளவு சோறு என்று. நான் போனைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். பதிவு செய்து அனுப்பியும் இருக்கிறேன். அதற்கு மறுமொழியாக அண்ணை ஒரு கும்பிடுகிற கையைப் போடுவார். கீழே அடுத்த புரொசசரின் விபரம் இருக்கும்.

ஒருநாள் நான் ஸ்ரான்லி வீதியில் உள்ள ஒரு கடைக்குப் போனேன். கடைக்காரருக்கு என் வயதுதான் இருக்கும். நிதானமான மனிதர். என் வேலை என்ன என்று கேட்டுத் தெரிந்துகொண்டு மூன்று பெட்டிகளைக் கண்ணாடி மேசையில் வைத்தார். ஒன்று கொழும்பிலிருந்து வந்த பாவித்த ஆறு கோர், உத்தரவாதம் இல்லை. இரண்டாவது புதிய நாலு கோர். மூன்றாவது அண்ணை சொன்ன அதே ஆறு கோர்.

"அண்ணை, உங்களுக்கு நல்லது உந்த மூண்டாவதுதான்" என்றார். "ஆனா விலை இண்டைக்குச் சொல்லுறது இண்டைக்குத்தான். டொலர் ஏறினால் நாளைக்கு நான் பொறுப்பில்லை."

விலையைச் சொன்னார். நாடு காசில்லாமல் விழுந்த பிறகு எல்லாச் சாமானும் அப்படித்தான் ஆகிவிட்டது. இறக்குமதி நின்றது, பிறகு திறந்தது, திறந்தபோது விலை வேறு உலகத்தில் இருந்தது. அண்ணையின் 'கொஞ்சம்' என்ற சொல்லுக்குக் கனடாவில் ஒரு அளவு, இங்கே ஒரு அளவு.

வீட்டுக்கு வந்து மனைவிக்குச் சொன்னேன். அவதான் படங்களை வெட்டி ஒட்டுகிறவ. மெஷினின் குணம் என்னை விட அவவுக்குத் தெரியும்.

"ஆறு கோர் எண்டால் எனக்கும் நல்லதுதான்" என்றா. "அத்தானிட்டைக் கேளுங்கோ. கொஞ்சம் கொஞ்சம் எண்டு சொல்லுறார்தானே, அந்தக் கொஞ்சத்தை அனுப்பச் சொல்லுங்கோ."

"எப்பிடிக் கேக்கிறது?"

"வாயாலைதான். அவர் கேட்ட நேரம் மாமி தாலியைக் கழட்டிக் குடுத்தவ."

இரண்டு நாள் யோசித்தேன். பிறகு அவருக்கு விடுமுறை நாளாகப் பார்த்துப் போன் எடுத்தேன். கடையில் நின்றதைச் சொன்னேன். அவர் ஆர்வமாகக் கேட்டார், மதர்போட்டின் இலக்கம் என்ன, விசிறி கூட வருகிறதா என்று விசாரித்தார். நான் இடையில் புகுந்தேன்.

"அண்ணை, அரைவாசி நீங்கள் போட்டால் ஆறு கோரையே எடுப்பன். ஆறுதலாத் திருப்பித் தாறன்."

அந்தப் பக்கத்தில் ஒரு தண்ணீர்க்குழாய் ஓடுகிற சத்தம் கேட்டது. யாரோ பாத்திரம் கழுவினார்கள். பிறகு அண்ணை குரலைத் தணித்துக் கதைத்தார்.

"உங்கை இருந்து பாக்க நாங்கள் வசதியா இருக்கிற மாதிரித்தான் இருக்கும். வீட்டுக் கடன்ரை வட்டி ஏறிப்போச்சு. பெரியவள் யுனிவர்சிட்டி. நீ நினைக்கிற மாதிரி இல்லையடா."

"விளங்குது அண்ணை."

"விளங்கினால் சரி. நான் உனக்கு ஒரு வீடியோ அனுப்புறன், மலிவா எப்பிடிச் செய்யலாம் எண்டு. அதைப் பார்."

வீடியோ வந்தது. யாரோ ஒரு வெள்ளைக்காரன், எங்கள் ஊரில் எந்தக் கடையிலும் கிடைக்காத சாமான்களை வைத்து மெஷின் பூட்டினான். நான் முழுவதும் பார்த்தேன். அண்ணை பொய் சொல்லியிருக்க மாட்டார். வட்டியும் ஏறியிருக்கும், மகளும் படித்திருப்பாள். ஆனால் அத்தனை நாளும் எனக்காக அவர் ஒதுக்கிய நேரமும் அக்கறையும் என்ன என்பது அன்று எனக்குத் தெளிந்தது. தன் பொழுதுபோக்கைப் பற்றிக் கதைக்க அவருக்கு ஒரு ஆள் கிடைத்திருக்கிறது. அந்த ஆள் தம்பியாகவும் இருந்திருக்கிறான்.

நாலு கோரை வாங்கினேன். கடைக்காரர் ஒளிக்காமல் சொன்னார்.

"இரண்டு கமராவுக்குக் காணும் அண்ணை. மூண்டைப் போடாதேங்கோ. இதுக்குள்ளை கிராபிக்ஸ் இல்லை, உங்கடை பழைய கார்ட்டைத்தான் போடோணும். அது படத்தைக் காட்டும், அவ்வளவுதான். சுருக்கிற வேலை முழுக்கப் புரொசசரின்ரை தலையிலைதான் விழும். மதர்போட்டை மட்டும் நல்லதா எடுங்கோ. வசதி வரேக்கை ஆறு கோரை உதிலையே மாத்திப் போடலாம்."

அண்ணைக்குச் செய்தி அனுப்பினேன். 'சரி. உன்ரை விருப்பம். பிறகு சிக்குது எண்டு என்னட்டை வராதை' என்று எழுதினார். அதோடு குரல் பதிவுகள் நின்றன. போன் பழையபடி தீபாவளிக்கும் பிறந்தநாளுக்கும் திரும்பிவிட்டது. அம்மா சில நாள் பின்னேரங்களில் விறாந்தைக்கு வந்து இருந்து பார்த்தா. "அவனுக்கு வேலை கூடப்போலை" என்றா. நான் ஓம் என்றேன். என்னோடு கோபம் அம்மாவோடும் ஆகிவிட்டது என்று எப்படிச் சொல்வது?

நாலு கோர் என்னைக் கைவிடவில்லை. அதன் சக்திக்கு ஏற்றபடி நாங்கள் நடந்துகொண்டோம். படத்தின் அளவை ஒரு படி இறக்கி அனுப்பினோம். கிரியை நெருக்கமான கட்டத்துக்கு வரும்போது ஒரு கமராவை நிறுத்திவிட்டு மற்றதில் மட்டும் நிற்போம். மனைவி கூட வந்து மெஷினில் இருப்பா. கமராவுக்கு என்னோடு ஒரு கூட்டாளி நின்றான், என்னைப் போலவே கலியாணப்படத்தில் தொடங்கியவன். தெல்லிப்பழையிலிருந்து சாவகச்சேரி வரைக்கும் போனோம். எங்கேயும் படம் நிற்கவில்லை. அரிசிக்கும் மருந்துக்கும் தட்டுப்பாடில்லாமல் ஓடியது.

அடுத்த வருசம் அம்மா விழுந்தா. கிணற்றடியில் வழுக்கியது என்றுதான் நினைத்தோம். ஆஸ்பத்திரியில் மூளையில் இரத்தம் கசிந்திருக்கிறது என்றார்கள். பிறகு கண் திறக்கவில்லை. ஒரு கிழமை அளவில் முடிந்துவிட்டது.

அண்ணைக்கு நான்தான் சொன்னேன். அவர் அழுதார். அதை மறைக்கக்கூடாது. போனில் கொஞ்ச நேரம் அழுகை மட்டும்தான் கேட்டது. பிறகு, தான் வரும்வரை உடலை வைத்திருக்கலாமோ என்று கேட்டார். மூன்று நாள் நான்கு நாள் வைத்திருக்கலாம், வாருங்கோ என்றேன். மாலையில் திரும்ப எடுத்தார்.

"வேலையிலை இப்ப ஆக்களைக் குறைக்கிறாங்கள். இந்த நேரம் லீவு எண்டு போய் நிண்டால் முதல் என்னைத்தான் நிப்பாட்டுவாங்கள். நீ பொறுப்பா நிண்டு செய். அம்மாவுக்குக் கொள்ளி இளையவன்தானே."

"ஓம் அண்ணை."

"லைவ்வை வடிவாப் போடு. இஞ்சை எங்கடை வீட்டிலை எல்லாரையும் வரச்சொல்லியிருக்கிறன். பெரிய ரீவியிலை போடப்போறன். மூண்டு கமரா வை. பந்தலிலை ஒண்டு, அம்மாவுக்குக் கிட்ட ஒண்டு, சனத்தைக் காட்ட ஒண்டு."

"மெஷின் இரண்டைத்தான் தாங்கும் அண்ணை."

"அதுதான் நான் அப்பவே சொன்னனான். ஆறு கோர் எடு எண்டு. கேட்டியோ?"

அம்மாவை அப்போது பக்கத்து அறையில் கிடத்தியிருந்தது. கால் பெருவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். கதவு திறந்துதான் இருந்தது. நான் அந்த விரல்களைப் பார்த்தபடி நின்றேன். அவர் சொன்னது சரிதான்.

என் தாயின் செத்தவீட்டுக்கு நான் படம் பிடிக்க முடியாது. கொள்ளி வைக்கிறவன் கிரியையில் இருக்கவேண்டும். கூட்டாளி வந்து, "மச்சான், இதை நான் பாக்கிறன், நீ ஒண்டையும் யோசியாதை" என்றான். இரண்டு கமராக்களை நிறுத்தினான். மெஷினை அறை யன்னலோடு வைத்து மனைவி இருந்தா. மூன்றாவது வேண்டாம் என்று நாங்கள் முடிவெடுத்திருந்தோம். எங்களுக்குத் தெரியாமல் அண்ணை எங்கள் சித்தியின் மகனுக்குப் போன் எடுத்து, அவனுடைய போனை மூன்றாவது கமராவாகச் சேர்க்கச் சொல்லியிருக்கிறார். அவன் வந்து அண்ணை சொன்னவர் என்று நின்றான். மனைவி மறுத்தால் பிறகு அதுவும் கதையாகிவிடும் என்று சேர்த்துவிட்டா.

நான் முழுகி ஈர வேட்டியோடு பந்தலில் இருந்தேன். விரலில் தர்ப்பை. உரலில் மஞ்சளோடு சுண்ணம் இடித்து முடித்து, வாய்க்கரிசி போடப் பெண்களை வரச்சொன்னார்கள். மருமகள் என்று மனைவியையும் கூப்பிட்டார்கள். அவ போகத்தானே வேண்டும். அந்த மாமியை இத்தனை வருசம் பார்த்தவ, எழும்பிப் போனா. மெஷினில் ஒருவரும் இல்லை. மூன்று படமும் அதன் தலையில் ஏறியிருந்தது.

ஐயர் எனக்கு அடுத்து என்ன செய்யவேண்டும் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போது கூட்டாளி குனிந்து வந்து போனை என் காதில் வைத்தான்.

"அண்ணை கதைக்கிறார். அவசரமாம்."

அழப்போகிறார், என்னோடு சேர்ந்து ஒரு சொல் சொல்லி அழவேண்டும் போலிருக்கிறது என்று நினைத்தேன். எனக்கும் அது வேண்டியிருந்தது. போனைத் தோளால் பிடித்துக்கொண்டேன்.

"படம் நிண்டிட்டுது" என்றார். "இஞ்சை எல்லாரும் பாத்துக்கொண்டு இருக்கினம். அளவை இறக்கு. உடனை இறக்கு, பெட்டி மூடப்போறாங்கள்."

நான் எழும்பினேன். ஐயர் மந்திரத்தை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். சனங்கள் வழி விட்டார்கள். நான் உள்ளே போய் அழப்போகிறேன் என்று நினைத்திருப்பார்கள். ஒரு பெரியவர் என் முதுகைத் தடவிவிட்டார். நான் அறைக்குள் போய் மெஷினுக்கு முன்னால் குந்தினேன்.

திரையில் அம்மாவின் முகம் சதுரம் சதுரமாக உடைந்து நின்றது. வாயிருக்கும் இடத்தில் யாருடையதோ கை, அரிசியோடு. பக்கத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுத்துகள் ஓடின. ஓம் சாந்தி. ஆத்மா சாந்தியடையட்டும். படம் நிக்குது. இஞ்சையும் நிக்குது. ஓம் சாந்தி. நாலு கோரும் நூறு வீதத்தில் நின்றன. விசிறி கத்திக்கொண்டிருந்தது. பின்னால் கைவைத்து வயரைப் பிடுங்கிவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. பிடுங்கியிருந்தால் ஒருவரும் என்னைப் பிழை சொல்லியிருக்க மாட்டார்கள்.

நான் சித்தியின் மகனுடைய கமராவை வெட்டினேன். அளவை இறக்கினேன். திரும்ப இணைத்தேன். என் விரல் பட்ட இடமெல்லாம் விசைப்பலகையில் மஞ்சள் ஒட்டியது. தர்ப்பை ஒரு விசையில் மாட்டி இழுபட்டது. படம் அசையத் தொடங்கியபோது மனைவி வாசலில் நின்றா. கையில் வாய்க்கரிசியின் ஈரம் இருந்தது.

"எழும்புங்கோ" என்றா. "நீங்கள் போய் மாமியைப் பாருங்கோ. நான் இருக்கிறன்."

நான் போனபோது பெட்டியை மூடிக்கொண்டிருந்தார்கள். மூடியைக் கொஞ்சம் தூக்கிக் காட்டுவமோ என்று ஒருவர் கேட்டார். நேரம் போகுது என்று இன்னொருவர் சொன்னார். நான் வேண்டாம் என்று தலையாட்டினேன். கனடாவில் எல்லோரும் முகம் பார்த்திருக்கிறார்கள். அது மட்டும் உறுதி.

மயானத்தில் கொள்ளி வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்தேன். சாம்பலைக் கீரிமலைக் கடலில் கரைத்தேன். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் செலவுக்கு அண்ணை காசு அனுப்பியிருந்தார், கேட்காமலே, தாராளமாக. சாப்பாடு நல்லது என்று வந்தவர்கள் சொன்னார்கள். அன்று அச்சடித்துக் கொடுத்த நினைவுப் புத்தகத்தில், கல்வெட்டில், முதல் பெயர் அவருடையது. அது முறைதான், மூத்தவர்.

ஒரு மாதம் போன பிறகு, ரெக்கோடிங் வேண்டும் என்று எழுதினார். லைவ்வின் பதிவில் அந்த உடைந்த சதுரங்கள் அப்படியே இருந்தன. ஆனால் அளவெட்டிக்குப் பிறகு கமராவுக்குள்ளேயே தனியாகப் பதியப் பழகியிருந்தோம்; கூட்டாளியின் கமராவில் இருந்த மெமரிக் கார்ட்டில் முழுவதும் தெளிவாக இருந்தது. நான் அதுவரை அதைத் திறந்து பார்க்கவில்லை. பார்க்காமலே ஏற்றி அனுப்பினேன். போய்ச் சேர ஒரு பகல் முழுக்க எடுத்தது. இரண்டு நாள் கழித்து மறுமொழி வந்தது.

'பாத்தன். நல்ல தெளிவு. இது எந்தக் கமரா?'

கமராவின் பெயரையும் இலக்கத்தையும் எழுதி அனுப்பினேன். அவர் பெருவிரலைப் போட்டார்.

அதற்குப் பிறகு கொஞ்ச நாளில் ஆறு கோருக்கான காசும் வந்தது. 'ஆண்டுத்திவசத்துக்கு முதல் மாத்து. அண்டைக்கு நடந்த மாதிரி நடக்கக்கூடாது' என்று எழுதியிருந்தார். நான் அந்தக் காசைத் திருப்பி அனுப்பவேண்டும் என்று மனைவிக்குச் சொன்னேன். அவ மறிக்கவில்லை. "அனுப்புறதெண்டால் அனுப்புங்கோ. ஆனா நாளையிண்டைக்கு நாலு கோரோடை சாவகச்சேரிக்குப் போறது நாங்கள்தான்" என்று மட்டும் சொன்னா.

அனுப்பவில்லை. ஸ்ரான்லி வீதிக்குப் போய் வாங்கினேன். கடைக்காரர் தானே பழையதைக் கழற்றி, பசை பூசி, புதியதை இருத்தித் தந்தார். வித்தியாசம் அன்றே தெரிந்தது. மூன்று கமராவையும் போட்டுப் பார்த்தோம். விசிறி சத்தமே இல்லை. மனைவி முன்பு அரைநாள் இருந்து செய்த வேலை ஒரு தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள் முடிந்தது. அண்ணை ஒவ்வொரு பதிவிலும் சொன்னது எழுத்துக்கு எழுத்து உண்மை.

சித்தி வீட்டுக் கலியாணத்தில் ஒரு உறவுக்காரர் என்னிடம், "அண்ணர்தானே உமக்குத் தொழில் போட்டுத் தந்தவர்? சொன்னவர், சொன்னவர்" என்றார். நான் ஓம் என்றேன். மெஷினுக்குள் இருப்பது அவருடைய காசுதான்.

ஆண்டுத்திவசம் வந்தது. வீட்டு விறாந்தையில்தான் செய்தோம். வாடகைக்கு ஒரு கமரா எடுத்து மூன்றையும் நிறுத்தினேன். அண்ணை கேட்டபடி அளவை மேலே ஏற்றினேன். இணைப்பை முதல்நாளே அவருக்கு அனுப்பியிருந்தேன். தொடங்குவதற்குச் சற்று முன்னால் அவரிடமிருந்து செய்தி வந்தது. 'விடிய வேலை. நித்திரை கொள்ளோணும். ரெக்கோடிங்கைப் பிறகு பாக்கிறன்.'

ஐயர் கும்பத்தை வைத்து, பூவைப் பிரித்து, என்னைக் கிழக்குப் பார்த்து இருக்கச் சொன்னார். நான் மெஷினை ஒருமுறை பார்த்துவிட்டு இருந்தேன். படம் கண்ணாடி போல் போய்க்கொண்டிருந்தது. ஆறு கோரும் வேலையில்லாதவர்கள் மாதிரிக் கிடந்தன. பார்க்கிறவர்கள் இரண்டு என்று காட்டியது. ஒன்று, சரியாகப் போகிறதா என்று பார்க்க நான் வைத்திருந்த என்னுடைய போன். மற்றது குசினியில் மனைவி. படையலை எப்போது கொண்டுவரவேண்டும் என்று தெரிவதற்காக அடுப்புக்குப் பக்கத்தில் சாத்தி வைத்திருந்தா.

"லைவ் போகுதோ?" என்று ஐயர் கேட்டார்.

"போகுது ஐயா."

அவர் சால்வையைச் சரிசெய்துகொண்டு, கமராவின் பக்கம் சற்றுத் திரும்பி இருந்து, குரலை உயர்த்தி மந்திரத்தைத் தொடங்கினார்.